மெஸ்ஸர்ஷ்மிட் துண்டா, உயரமானியா, பெயர்த்தகடா: முதலில் எதை வாங்குவது?

1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த பிரிட்டன் போரில், ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபே சுமார் 1,700 விமானங்களை இழந்தது. ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியவை பல. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், சஸ்ஸெக்ஸ் வயல்களிலும் தோப்புகளிலும் விழுந்து நொறுங்கியவை பல. அடிபட்டுப் பிரான்சுக்குத் திரும்பும் வழியில் கடற்கரை மணலில் வயிறு தேய இறங்கியவையும் உண்டு. இவற்றின் பாகங்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏலங்களிலும் சேகரிப்பாளர் சந்தைகளிலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக இந்தத் துறைக்குள் வருகிறவர் முன் மூன்று பொருட்கள் வந்து நிற்கும்: விமானி அறையில் இருந்த முழுக் கருவி ஒன்று, விபத்து நடந்த இடத்திலிருந்து எடுத்த உலோகத் துண்டு, விமானத்தில் பொருத்தியிருந்த பெயர்த்தகடு. பணம் கொடுத்து வாங்காமல், அகழும் குழுவில் தானே சேர்ந்துகொள்வது நான்காவது வழி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த விமானம், எந்த நாள், எந்த வயல் என்று எழுத்தில் ஆதாரம் உள்ள கையகல அலுமினியத் துண்டு, வரலாறு தெரியாத பளபளக்கும் உயரமானியைவிட மேலானது. பெயர்த்தகட்டை முதல் பொருளாக யாரும் வாங்கவே கூடாது. ஆனால் இந்த வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்திவிடாது. எங்கே மாறும், ஏன் மாறும் என்பதற்கு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், அது ஜெர்மன்தானா?

எந்த வழியைத் தேர்ந்தாலும் அடையாளம் காணும் பயிற்சி இல்லாமல் இறங்கக் கூடாது. ஒரே வயலில் ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரும் விழுந்திருக்கிறது, ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டும் விழுந்திருக்கிறது. கசங்கிய அலுமினியம் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். விற்பவருக்கே தெரியாமல் பிரிட்டிஷ் பாகம் ஜெர்மன் விலைக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது.

பாகத்தில் பொறித்த எண்தான் முதல் சாட்சி. ஜெர்மன் விமானத்துறை அமைச்சகம் ஒவ்வொரு விமான வகைக்கும் ஓர் எண் ஒதுக்கியிருந்தது. விமான உடல் என்றால் 8, என்ஜின் என்றால் 9 என்று தொடங்கும். 8-109 என்றால் மெஸ்ஸர்ஷ்மிட் 109, 8-190 என்றால் ஃபோக்கெ-வுல்ஃப் 190, 8-88 என்றால் யுங்கர்ஸ் 88. 9-601 டைம்லர்-பென்ஸ் 601 என்ஜினைக் குறிக்கும், 9-801 பிஎம்டபிள்யூ 801-ஐக் குறிக்கும். இவற்றைத் தொடர்ந்து வரும் இலக்கங்கள் விமானத்தின் எந்தத் தொகுதி, அதில் எந்தப் பாகம் என்று சொல்லும். பல பாகங்களில் முன்னால் உள்ள 8 இருக்காது, 109 என்றே நேராகத் தொடங்கிவிடும். புரொப்பல்லர்களும் 9 வரிசையில்தான் வரும். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி ரகத்தில் இருந்த விடிஎம் நிறுவனப் புரொப்பல்லரின் எண் 9-12087.

இந்த எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாகம் எந்த வகை விமானத்துக்காக வரையப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். யுங்கர்ஸ் 188 அதன் முன்னோடியான 88-இலிருந்து பிறந்தது. எனவே 8-88 என்று பொறித்த பாகம் 188-இலும் இருந்திருக்கலாம். எண்ணை மட்டும் காட்டி "இது யுங்கர்ஸ் 88" என்று அடித்துச் சொல்கிற வியாபாரியிடம், அது விழுந்த இடத்தையும் கேளுங்கள்.

எண்ணே இல்லாத துண்டுகள்தான் அதிகம். இறக்கையின் மேல்தகட்டுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். வெளிப்புறத்தில் கரும்பச்சைப் பூச்சு செதில் செதிலாக ஒட்டியிருக்கிறது. செதில் உதிர்ந்த இடத்தில் பச்சை கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. இது அமைச்சகத்தின் வண்ண வரிசையில் 02 எனப்படுவது, அடிப்பூச்சாகவும் உட்புறப் பூச்சாகவும் பயன்பட்டது. துண்டைத் திருப்பினால், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் ஒரு வரிசை. இரண்டு ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் முழு மில்லிமீட்டரில் வருகிறது, அங்குலக் கணக்கில் பார்த்தால் ஒட்டவில்லை. ஓரத்தில் மை முத்திரையின் மிச்சம் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. விமானக் கட்டுமான மேற்பார்வை அலுவலகமான பிஏஎல் தன் ஆய்வாளர்கள் மூலம் பாகங்களில் இப்படி முத்திரை இடுவது வழக்கம். நிறம், அளவு, முத்திரை ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் ஓரளவு நிம்மதியாக மூச்சு விடலாம்.

மில்லிமீட்டர் அளவு மட்டும் போதாது. பிரெஞ்சு, இத்தாலிய, சோவியத் விமானங்களும் அதே அளவு முறையில் கட்டப்பட்டவைதான். இங்கிலாந்து மண்ணில் எடுத்த துண்டுக்கு அது நல்ல சோதனை. ரஷ்யக் காட்டிலிருந்து வந்த துண்டுக்கு அது எதையும் நிரூபிக்காது.

நிறங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அடிப்புறத்து வெளிர் நீலம் 65, மேற்புறத்துப் பச்சைகள் 70, 71. பிற்காலத்துப் போர் விமானங்களின் சாம்பல் வண்ணங்கள் 74, 75, 76. விமானி அறைக்குள் அடித்த கருஞ்சாம்பல் 66. 1940 கோடையில் விழுந்தது என்று சொல்லப்படும் துண்டில் 74, 75 பூச்சு தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டும், அவை பின்னால் வந்தவை. குழாய்களில் சுற்றிய வண்ணப் பட்டையும் உதவும்: எரிபொருளுக்கு மஞ்சள், எண்ணெய்க்குப் பழுப்பு, குளிர்விக்கும் திரவத்துக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம். மண்ணுக்குள் கிடந்த நிறம் மங்கும், கறை ஏறும். கணினித் திரையில் தெரியும் படத்தை வைத்து நிற எண்ணை உறுதி செய்யாதீர்கள்.

எதிர்த்தரப்பு அடையாளங்களும் மனப்பாடமாக வேண்டும். கிரீடத்தின் கீழ் ஏ, எம் என்ற இரு ஆங்கில எழுத்துகள் இருந்தால் பிரிட்டிஷ் விமானத்துறையின் உடைமை. ஏ, ஜி, எஸ் என்று தொடங்கும் எண் பிரிட்டிஷ் விமானப் பொதுப் பாகம். 300 என்று தொடங்கும் எண் முதல் ரக ஸ்பிட்ஃபயரில் வருவது. இவற்றைத் தெரிந்துகொண்டால் சந்தையில் தவறான பெயரோடு கிடப்பதில் கணிசமானதை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம்.

இன்னொரு பெரிய கண்ணி, போருக்குப் பிறகு கட்டிய உடன்பிறப்புகள். ஸ்பெயினில் ஹிஸ்பானோ நிறுவனம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் உடலில் பிரிட்டிஷ் மெர்லின் என்ஜினைப் பொருத்தி, புச்சோன் என்று அழைக்கப்பட்ட விமானத்தை 1950-களில் கட்டியது. செக்கோஸ்லோவாக்கியாவில் அதே உடலில் யுங்கர்ஸ் என்ஜினைப் பொருத்தி ஏவியா எஸ்-199 வந்தது. ஹைன்கெல் 111 ஸ்பெயினில் காசா 2.111 ஆனது. மூன்று என்ஜின் யுங்கர்ஸ் 52 ஸ்பெயினிலும் பிரான்சிலும் தொடர்ந்து தயாரானது. பிரெஞ்சுக்காரர்கள் ஃபோக்கெ-வுல்ஃப் 190-ஐயும் எடுத்துக் கட்டினார்கள். இவற்றின் பாகங்கள் வடிவத்தில் ஜெர்மன் பாகங்களேதான், சிலவற்றின் வரைபடங்கள்கூட ஒன்றே. ஸ்பானிஷ் எழுத்துள்ள தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் புதியவரால் கண்டுபிடிக்க முடியாது. நேர்மையாகப் பெயர் சொல்லி விற்கப்படும் புச்சோன் பாகத்தை நான் குறைத்து மதிக்க மாட்டேன். வடிவத்தை நேசிப்பவருக்குக் குறைந்த விலையில் அது நல்ல வாய்ப்பு. அதையே "1940" என்று சொல்லி விற்பது மோசடி.

விமானி அறைக் கருவி

உயரமானி, வேகமானி, திசைகாட்டி, ஆக்ஸிஜன் அளவி. பார்த்தவுடன் மனத்தை இழுப்பவை இவை. கண்ணாடி உடையாமல், முள் அசைகிற நிலையில், மேசைமேல் வைத்து விருந்தாளிக்குக் காட்டும்படி இருக்கும். அடையாளம் காண்பதும் ஒப்பீட்டளவில் எளிது. பின்புறத் தகட்டில், கிடங்கிலிருந்து கேட்டுப் பெறப் பயன்பட்ட கோரிக்கைக் குறி இருக்கும். விமானக் கருவிகளுக்கு எஃப், எல் என்ற எழுத்துகளும், தகவல்தொடர்புக் கருவிகளுக்கு எல், என் என்ற எழுத்துகளும் வந்து, அவற்றுக்குப் பின் எண் வரும். அஸ்கானியா, சீமென்ஸ் போன்ற உற்பத்தியாளர்களின் பெயர் முற்காலக் கருவிகளில் வெளிப்படையாகவே இருக்கும். போர் வளர்ந்த பிறகு, எந்தத் தொழிற்சாலை எதைச் செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாதென்று பெயருக்குப் பதிலாக எழுத்துக் குறியீடுகள் வந்தன.

இத்தனை நல்ல குணங்கள் இருந்தும் நான் இதை இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம், இந்தக் கருவிகள் பொதுவானவை. அதே உயரமானி மெஸ்ஸர்ஷ்மிட்டிலும் இருந்தது, ஹைன்கெலிலும் இருந்தது, பயிற்சி விமானத்திலும் இருந்தது. கிடங்கில் உதிரியாகக் கிடந்து, விமானத்தையே பார்க்காமல் போரைக் கழித்த கருவிகளும் உண்டு. "மெஸ்ஸர்ஷ்மிட் 109 உயரமானி" என்ற விளம்பரத்துக்குப் பெரும்பாலும் "109-இலும் பயன்பட்ட ரகம்" என்பதே பொருள். அந்த உண்மையை ஏற்று வாங்குகிறவருக்குக் குறையில்லை. ஒரு குறிப்பிட்ட விமானத்தின் கதையைத் தேடுகிறவருக்கு இது ஊமை.

அடுத்தது ரேடியம். இருட்டில் தெரிய வேண்டுமென்று முள்ளிலும் எண்களிலும் பூசிய ஒளிரும் வண்ணத்தில் ரேடியம் 226 கலந்திருந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி தரும் துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் சோர்ந்துவிடும். அதனால் இன்று இருட்டில் ஒளிராது, கதிர்வீச்சு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். "ஒளிரவில்லை, ஆகவே ஆபத்தில்லை" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் டால்கெட்டி பே கடற்கரையில் நடந்தது இதற்குப் போதிய பாடம். போர்க்கால விமானங்களின் கருவி முகப்புகளை எரித்து, சாம்பலைக் கரையோரம் கொட்டியிருந்தார்கள். 1990-இல் அங்கே கதிர்வீச்சு கண்டறியப்பட்டது. சுத்தம் செய்து முடிக்க 2023 ஆகிவிட்டது.

முகப்புக் கண்ணாடி முழுதாக மூடியிருந்தால், கருவியைத் திறக்காமல், படுக்கையறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால், பூச்சு பொடியாகி உள்ளே உதிர்ந்து கிடந்தால், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சுரண்டி எடுத்துப் புதிதாக வண்ணம் அடிக்கலாம் என்ற எண்ணம் உயிருக்கு உலை வைப்பது. அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் உண்மையான கேடு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒளிரும் முகப்பு இல்லாத பொருளே சரி.

மண்ணிலிருந்து வந்த துண்டு

அழகு குறைவு. கசங்கியிருக்கும், கிழிந்திருக்கும், சில துண்டுகளில் தீயில் உருகி ஓடிய அலுமினியம் கட்டியாகி நிற்கும். ஆனால் ஒரு நாளையும் ஓர் இடத்தையும் ஒரு மனிதனையும் இது தொட்டிருக்கிறது. அதை நிரூபிக்கும் வசதியும் இங்கேதான் வியக்கத்தக்க அளவுக்கு இருக்கிறது.

1940-இல் பிரிட்டிஷ் விமானப்படை உளவுப் பிரிவினர், தங்கள் மண்ணில் விழுந்த ஜெர்மன் விமானங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார்கள். உற்பத்தி எண், உடலில் எழுதிய குறியெழுத்துகள், என்ஜின் தகடு, கவசம், துப்பாக்கிகள், எல்லாவற்றையும் குறித்து அறிக்கை எழுதினார்கள். அந்த ஆவணங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மறுபக்கம், லுஃப்ட்வாஃபேயின் தலைமைக் கிடங்கு அதிகாரிக்குப் போன இழப்புப் பட்டியல்களில் உற்பத்தி எண்ணும் படைப்பிரிவும் விமானிகளின் பெயர்களும் உள்ளன. ஜெர்மன் ராணுவ ஆவணங்கள் ஃபிரைபுர்க் நகரில் காக்கப்படுகின்றன. இழந்தவரும் வீழ்த்தியவரும் தனித்தனியாக எழுதிய கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது கிடைக்கும் உறுதி, வேறு பழம்பொருள் சேகரிப்புகளில் அரிது.

எனவே துண்டை வாங்கும்போது அதனோடு வரும் காகிதத்துக்குத்தான் பாதி விலை. 1960-களிலும் 70-களிலும் ஆர்வலர் குழுக்கள் தென் இங்கிலாந்தில் நிறைய இடங்களைத் தோண்டின. இன்றைய சந்தையில் உள்ள துண்டுகளில் பெரும்பங்கு அக்காலத்து அகழ்வுகளிலிருந்து வந்தவை. பழைய சீட்டு, வயலின் பெயர், தோண்டிய நாள், குழுவின் பெயர், அன்று எடுத்த புகைப்படம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு உடன் வந்தால் வாங்கலாம். ஒன்றுமே இல்லாத துண்டு பத்திரம் இல்லாத மனை மாதிரி: பொருள் இருக்கும், உரிமையான கதை இருக்காது. "பிரிட்டன் போர், கென்ட்" என்று மட்டும் அச்சடித்த அட்டையைச் சான்றிதழ் என்று சொல்லி நீட்டுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. உண்மையான துண்டாக இருந்தாலும் அதன் கதையை அந்த அட்டை அழித்துவிடுகிறது. ஒரு பெரிய துண்டை வெட்டி நூறு அட்டைகளில் ஒட்டி விற்பது அதைவிடக் கொடுமை.

எந்த மண்ணில் கிடந்தது என்பது பொருளின் உடல்நிலையைத் தீர்மானிக்கும். கென்ட்டின் கனத்த களிமண்ணுக்குள் காற்று புகாது. ஆழத்தில் புதைந்த அலுமினியம் அங்கே பூச்சோடும் முத்திரையோடும் வெளியே வருவதுண்டு. குளிர்ந்த நன்னீர் ஏரிகளும் அருமையாகப் பாதுகாக்கும். 1940 ஏப்ரலில் நார்வேயின் நார்விக் அருகே உறைந்த ஹார்ட்விக் ஏரியின்மேல் இறங்கிய யுங்கர்ஸ் 52 விமானங்கள், பனி உருகியதும் மூழ்கின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றில் சிலவற்றை மேலே எடுத்தார்கள். ஒன்றை ஜெர்மனியின் வுன்ஸ்டோர்ஃபில் பார்க்கலாம். சதுப்புக் காடும் அப்படித்தான். 1943-இல் லெனின்கிராட் அருகே காட்டில் இறங்கிய ஃபோக்கெ-வுல்ஃப் 190 ஒன்று 1989-இல் மரங்களுக்கிடையே ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. அமெரிக்காவில் சீரமைக்கப்பட்டு, 2010-இல் தன் வகைக்குரிய பிஎம்டபிள்யூ என்ஜினோடு மீண்டும் பறந்தது.

கடல் வேறு. உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். பக்கத்தில் எஃகு இருந்தால் இன்னும் வேகமாக. மக்னீசியக் கலவை வார்ப்புகள் அநேகமாகக் காணாமலே போய்விடும். கடலிலிருந்து வந்த துண்டை வெளியே எடுத்துக் காயவிட்டால், அழிவு அதற்குப் பிறகுதான் வேகமெடுக்கிறது. இதற்கு டோர்னியர் 17 சாட்சி. 1940 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் விழுந்த இந்தக் குண்டுவீச்சு விமானத்தை 2013 ஜூனில் தூக்கினார்கள். அந்த வகையில் இன்று உலகில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். காஸ்ஃபோர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், நீண்ட பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, நீர்த்த சிட்ரிக் அமிலத்தைத் தொடர்ந்து தெளித்து உப்பையும் மேலே படிந்திருந்த கடல் படிவையும் கரைத்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த முறையை வகுத்துத் தந்தவர்கள். மீனவர் வலையில் சிக்கியது என்று சொல்லி விற்கப்படும் துண்டை வாங்கும் முன் இந்தக் கூடாரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அரிப்பு இன்னும் ஓயவில்லை.

களிமண் துண்டுக்கு வேண்டிய பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான நீர், மென்மையான தூரிகை, முழுக்க உலர்ந்த பின் மெல்லிய மெழுகுப் பூச்சு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். கம்பித் தூரிகையும் பாலிஷும் அருகிலேயே வரக் கூடாது. பளபளப்பாக்க எண்ணித் தேய்த்தால் பூச்சும் முத்திரையும் போய்விடும், அடையாளம் காண உதவிய அனைத்தும் அதோடு போகும்.

பெயர்த்தகடு

சுருக்கமாக முடித்துவிடலாம். சிறிய அலுமினியத் தகடு. வகை, உற்பத்தி எண், தயாரித்த நிறுவனம் எல்லாம் அதில் இருக்கும். உற்பத்தி எண்ணை இழப்புப் பட்டியலோடு நேரடியாகப் பொருத்தலாம் என்பதால் ஆதாரமாக இதைவிட வலியது இல்லை. அதனாலேயே போலிகளும் இங்கேதான் அதிகம். பழைய விமானங்களைப் புதிதாகக் கட்டிப் பறக்கவிடும் உலகில், ஒரு தகட்டை வைத்தே "இது அந்த விமானம்" என்று அடையாளம் கோரப்பட்டதுண்டு. விலை அங்கிருந்து ஏறியது. இன்று எந்தப் பட்டறையும் லேசரில் இதைச் செய்துவிடும். கையால் அடித்த எண்கள் சற்றே ஏறி இறங்கி, ஆழம் மாறி இருக்க வேண்டும். ரிவெட் துளைகளில் பிடுங்கிய வடு இருக்க வேண்டும். பின்புறத்தில் பல ஆண்டுகள் பூச்சோடு ஒட்டிக் கிடந்த தடம் இருக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிய, அசலானவற்றைப் பலமுறை கையில் பிடித்துப் பார்த்த அனுபவம் தேவை. புதியவரிடம் அது இருக்காது. தகடு இன்னும் தன் பாகத்தோடு ஒட்டியிருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

தானே தோண்டுவது

மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கென்ட் வயலில் இறங்கினால் நேராகக் குற்றத்தில் போய் நிற்பீர்கள். 1986-ஆம் ஆண்டு ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பிரிட்டனில் ராணுவப் பணியில் இருந்தபோது விழுந்த எந்த விமானத்தின் இடமும், எந்த நாட்டு விமானமானாலும், தானாகவே பாதுகாக்கப்பட்ட இடம். பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டவோ பாகத்தை நகர்த்தவோ கூடாது. நில உரிமையாளரின் சம்மதம் அதற்கு மேல் தனியாக வேண்டும். உள்ளே மனித உடல் எச்சமோ வெடிக்காத குண்டோ இருக்கும் என்று தெரிந்தால் பொதுவாக உரிமம் தருவதில்லை. இந்தச் சட்டம் சேகரிப்பாளர்களின் கையைக் கட்டுகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. விழுந்த விமானங்களில் பலவற்றில் இருபது வயதைச் சுற்றிய இளைஞர்கள் இருந்தார்கள். ஸ்டாஃபர்ட்ஷயரின் கானக் சேஸில் 1967-இல் திறந்த ஜெர்மன் போர்க் கல்லறையில் அவர்களில் பலர் உறங்குகிறார்கள். இன்னும் மண்ணுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அந்த வயலே கல்லறை.

மற்ற நாடுகளில் விதிகள் வேறு. நெதர்லாந்தில் காணாமல் போன விமானிகள் இருக்கக்கூடிய விமானங்களை அரசே முறையாக மீட்டெடுக்கிறது. ஜெர்மனியில் தொல்பொருள் பாதுகாப்பு மாநிலங்களின் கையில் இருக்கிறது, டிடெக்டரோடு தேடுவதற்கு அனுமதி தேவை. அங்கே வாழ்பவர்களுக்கு இன்னொன்று: தண்டனைச் சட்டம் 86-அ பிரிவின்படி நாஜிச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. வால்பகுதித் துண்டைப் படமெடுத்து விற்பனைக்குப் போடும் முன் இதை யோசிக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத நாட்டிலும் அந்தச் சின்னம் உள்ள துண்டை வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அதன் பெயரால் கொல்லப்பட்டவர்களின் கணக்கு தெரிந்த எவருக்கும் ஒப்பாது.

ஆபத்தும் உண்மையானது. 7.92 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கித் தோட்டாக்களும் 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளும் எண்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததால் சாதுவாகிவிடவில்லை. கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, காவல்துறையை அழைப்பதுதான் முறை. உரிமம் பெற்ற, அனுபவமுள்ள குழுவில் கைக்கு உதவியாகச் சேர்ந்தால் இத்தனையையும் முறைப்படி கற்கலாம். களிமண்ணைச் சல்லடையில் அலசி ஒவ்வொரு துண்டாகப் பட்டியலிடும் வேலை அலுப்பானது. ஆனால் எந்தப் பாகம் எந்த ஆழத்தில் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை அப்படித்தான் கண் பழகுகிறது. கிடைப்பவை அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவை. வீட்டுக்கு எடுத்துப்போகும் ஆசையோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

யாருக்கு எது

பிரிட்டனில் வாழ்பவர், நேரம் இருக்கிறது, பொருளைவிட அறிவு முக்கியம் என்றால் குழுவில் சேருங்கள். அதற்கு முன் ஹாக்கிஞ்சில் உள்ள கென்ட் பிரிட்டன் போர் அருங்காட்சியகத்திலோ டாங்மியர் விமான அருங்காட்சியகத்திலோ ஒரு நாள் முழுவதையும் செலவிடுங்கள். உடைந்த பாகங்கள் எண்ணோடும் கதையோடும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. விற்பனைப் படங்களைப் பார்த்து நிறத்தையும் ரிவெட்டையும் கற்பதைவிட அது பல மடங்கு மேல்.

வேறு நாட்டில் இருந்து தபாலில் வாங்குபவருக்கு என் பரிந்துரை, பழைய அகழ்விலிருந்து வந்த, பாக எண் தெரியும் சிறு துண்டு. விற்பவரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எந்த இடம், யார் தோண்டினார்கள், எந்த ஆண்டு, 1986-க்குப் பிறகானால் உரிமம் உண்டா. எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படமும் கேளுங்கள். நேர் வெளிச்சத்தில் பொறிப்பு தட்டையாகி மறைந்துவிடும். துப்பாக்கியோடு தொடர்புள்ள பாகமானால், இரு நாட்டு ஆயுதச் சட்டங்களையும் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பொறியியலை நேசிப்பவர், ஒரு பொருள் முழுதாக இயங்குவதைப் பார்க்க விரும்புபவர், தனி விமானத்தின் கதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர், கருவியை வாங்கலாம். மூடிய முகப்பு, சேதமில்லாத கண்ணாடி, முடிந்தால் ரேடியம் பூச்சே இல்லாத ரகம். ஒளிரும் முகப்புத் தேவையில்லாத மின் இணைப்புப் பெட்டிகள், எரிபொருள் வால்வுகள், பாஷ் நிறுவனத்தின் மின்பொறிப் பாகங்கள் போன்றவை விலையும் குறைவு, வேலைப்பாடும் அற்புதம். இவற்றை ஏன் அதிகம் பேர் தேடுவதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

பெயர்த்தகடு வேண்டும் என்றே ஒருவர் நின்றால், சில துண்டுகளை வாங்கி, எண்களை ஆவணங்களோடு பொருத்திப் பழகிய பிறகு வரட்டும். அப்போதும் தனித் தகட்டை நோக்கிக் கை நீள்வதற்கு முன், அதே பணத்துக்கு ஆதாரத்தோடு எத்தனை துண்டுகள் கிடைக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.